கைதட்ட முடியாத முடிவுரை

சங்கவியின் வீட்டுக் கதவை யாரும் வெளியிலிருந்து பூட்டவில்லை. பூட்டத் தேவையும் இருக்கவில்லை. சித்தப்பா மகள் கலைப்பிரியா, பிடித்தவனோடு வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து, வளவனூர் கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் சங்கவியோடு அம்மா போனாள். கைப்பேசி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

திண்டிவனத்துக் கல்லூரியில் அவளுக்கு வேதியியல் கிடைத்திருந்தது. விழுப்புரத்தில் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அப்பா சீனுவாசன் கெட்டவர் அல்ல. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் போக அவருக்கிருந்த ஒரே ஆசை பட்டிமன்றம். திருவாமாத்தூர் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். செவ்வாயன்று மகள் அழுதபோது, "அழுதா ஆச்சா? பாயிண்ட் பாயிண்டா எழுதிக்கினு வந்து படி. நான்தான் நடுவர். நியாயமா இருந்தா அனுப்பறேன்" என்றார்.

மறுநாள் பகல் முழுவதும் எழுதினாள். படிப்பு, வேலை, காலையில் போய் மாலையில் திரும்ப இருக்கும் பேருந்து, எல்லாம் எழுதினாள். அதிகம் உழைத்தது முடிவுரைக்குத்தான். சாயங்காலம் அப்பா முன்னால் நின்று படித்து, மேடைப் பேச்சாளர்களைப் போலவே குரலை உயர்த்தி முடித்தாள்: "பூட்டி வைத்த நெல் புழுத்துப்போகும். தேங்கி நிற்கும் நீர் பாசி பிடிக்கும். அடைத்து வைத்த பெண் மட்டும் எப்படி மலர்வாள்? தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!"

அப்பா பலமாகக் கைதட்டினார். "பிரமாதம்மா! கடைசில போட்ட பாரு ஒரு போடு! லட்சுமி, கேட்டியா ஒன் பொண்ணு பேச்ச?"

"தீர்ப்பு?"

"பேச்சுக்கு மொத பரிசு. காலேஜு வேணாம்." எழுந்து போய்விட்டார்.

சங்கவி அறைக்குத் திரும்பினாள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கைதட்டியதும் பட்டிமன்றம் முடிந்துவிடுகிறது. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சற்று நேரத்தில் அப்பா வந்தார். வேகவைத்த மல்லாட்டையின் தோலை உரித்து, கடலையை நிரப்பிய கிண்ணத்தை அவளருகில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை பக்கங்களையும் ஓர் எதிரணிக்கு எழுதியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் எதிரணியில் இல்லை. பயந்துபோயிருந்தார். பயந்தவரிடம் மூன்று வருஷத்தை ஒரேயடியாகக் கேட்டால் எப்படித் தருவார்?

முடிவுரையை அடித்துவிட்டு, பேசுவதுபோலவே வேறு எழுதினாள். வியாழக்கிழமை காலை, அவர் மண்வெட்டியோடு கிளம்பும்போது வாசித்தாள்.

"அப்பா, கலைப்பிரியா மாதிரி நானும் போயிடுவேனோன்னு பயப்படறீங்க. அந்தப் பயத்த ஒரு கட்டுரையால போக்க முடியாது. மூணு வருஷம் கேக்கல. நாளைக்கு ஒருநாள் என்கூடத் திண்டிவனம் வாங்க. கேட்டுக்கு வெளியவே நின்னு பாருங்க. அப்பவும் வேணாம்னு தோணுனா, அடுத்த பஸ்ஸுல திரும்பிடலாம்."

கைதட்டல் இல்லை. அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"இதுக்கு என்னத்தத் தீர்ப்பு சொல்றது?" என்று முணுமுணுத்தார். வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார்.

விழுப்புரத்தில் பேருந்து மாறி, திண்டிவனத்தில் கல்லூரிக்கு எதிரே வெயிலில் போய் நின்றார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு முகத்தையும் அப்பா பார்த்தார். அவர் முகம் இளகவில்லை. "கெளம்பலாமா?" என்றார். சங்கவி, தான் கொடுத்த வாக்கை நினைத்து, சரியென்று தலையசைத்தாள்.

அப்போது ஒரு மாணவி அவர்களருகே நின்றாள். "யாரப் பாக்கணும்ப்பா? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்து மரத்தடியில ஒக்காருங்க." தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடவுள்தான் அவளை அனுப்பினார் என்று சங்கவிக்குத் தோன்றியது.

"நீ எந்த ஊரும்மா?"

"மயிலம்ப்பா. தெனம் பஸ்ஸுதான்."

"ஒங்கப்பா உடுறாரா?"

"மொத நாளு அவரும் இங்கதான் நின்னுக்கினு இருந்தாரு. 'வாட்ச்மேன் வேலைக்கா வந்தீங்க?'ன்னு உள்ளேருந்து கேட்டுட்டாங்க!"

அப்பா சிரித்துவிட்டார். மடக்மடக்கென்று தண்ணீரைக் குடித்து, பாட்டிலைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

"ஜல்தி வாம்மா" என்றார் மகளிடம். "ஆபீஸு எந்தப் பக்கம்னு அந்தப் பொண்ணையே கேளு."