சுத்தம் செய்த தாலாட்டு

எங்கள் ஸ்டுடியோவில் காது ஹரிகிருஷ்ணனுடையது, கால் என்னுடையது. அவன் ஏசி அறையில் உட்கார்ந்து கேட்பான். நான் வெயிலில் அலைவேன். காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, வானொலி நிலையத்தின் பழைய ஒலிநாடாக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலை கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. நாதஸ்வரம், நடவுப் பாட்டு, தாலாட்டு என்று நாற்பது ஐம்பது வருடத்துச் சரக்கு. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை ஒன்றும் இருக்கவில்லை. பூசணம் பிடித்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கித் தூக்கித் தும்மல்தான் வந்தது.

அந்தத் தாலாட்டுக்குப் பிறகுதான் எங்களை நாலு பேருக்குத் தெரிந்தது. பெட்டியின் மேல் 'பொன்னுத்தாயி, கல்லல் பக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. நிலையத்தார் அதை இணையத்தில் போட்டார்கள், பற்றிக்கொண்டது. என் மகன் இதைக் கேட்டால்தான் தூங்குகிறான் என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தாய்மார்கள் எழுதினார்கள். நேற்றுப் பாடியது போல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வியந்தார்கள். ஹரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாடியவர் உயிரோடு இருந்தால் விழாவில் பொன்னாடை போர்த்தலாம், தேடிப் பாருங்கள் என்று நிலையத்திலிருந்து சொன்னார்கள். தேடுவது யார்? கால்தான்.

கல்லல் ரயில் நிலையத்துக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஊரில் அவரைக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீட்டு வாசலில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். தனிக்கட்டை. புருஷன் போய்ப் பல வருடமாகிறது என்று வழிகாட்டியவர் சொல்லியிருந்தார். ரேடியோவிலிருந்து வருகிறேன் என்றேன்.

"ரேடியோக்காரகளா? இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்று சிரித்தார்.

"ஒங்க பாட்ட ஒலகமே கேக்குது ஆத்தா. ஊரு ஒலகத்துத் தாய்மாரெல்லாம் இதப் போட்டுத்தான் புள்ளயத் தூங்க வைக்கிறாக" என்று பெருமையாக அளந்துவிட்டு, போனில் பாட்டைப் போட்டேன்.

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் விட்டத்தில் கட்டிய தொட்டில் கயிறு கிறீச்சிடும் சத்தம். பிறகு அந்த இளம் குரல். தன் குரலைக் கேட்ட சந்தோஷம் முகத்தில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. முதல் அடி முடிந்ததும் முன்னால் குனிந்தார். இரண்டாவது அடி முடிந்ததும் இன்னும் குனிந்தார். பாட்டு முடிந்தபோது அவர் காது போனைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"புள்ளயக் காணமே தம்பி?"

"எந்தப் புள்ள ஆத்தா?"

"எம் புள்ளதான். மொத அடி முடியவும் சிணுங்குவா. பெறகு வீல்னு கத்துவா. 'ஏண்டி தங்கம்'னு ஒரு அதட்டுப் போட்டுட்டு மேல பாடுவேன். அதெல்லாம் எங்க போச்சு?"

பிறகு அவரே சொன்னார். பெட்டி மாதிரி மிஷினோடு ஜீப்பில் வந்தவர்கள், பிள்ளையை வெளியே கொண்டுபோகச் சொன்னார்களாம். அழுதால் பாட்டுக் கெட்டுப்போகும் என்று. இவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். தாலாட்டு என்றால் தொட்டிலை ஆட்டத்தான் வேண்டும். பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது. உள்ளே பிள்ளை கிடந்தால் பாடுகிறேன், இல்லையென்றால் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் பிள்ளையோடு சேர்த்துப் பதிவு செய்தார்கள்.

"ஒருக்காத்தான் போட்டாக. டீக்கடையில நின்னு கேட்டேன். இடுப்புல இருந்துக்கிட்டு, தன் அழுகயக் கேட்டுத் தானே சிரிச்சா. அடுத்த மழைக்குப் பேதி வந்து, சிவகங்க பெரியாசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியிலயே போயிட்டா. ஒரு வயசுக்குள்ள போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு எடுக்கவும் விடல. அதுக்குப் பெறகு எனக்கு வேற புள்ள தங்கவும் இல்ல. அவ மொகமே மறந்து போச்சு தம்பி. சத்தம் மட்டும் ரேடியோவுல கெடக்குன்னு நெனப்பு. என்னைக்காச்சும் போடுவாகன்னு ரொம்ப வருசம் அந்த நேரத்துக்கு டீக்கடைக்குப் போயிப் போயி நின்னேன்."

இணையத்தில் போட்டது சுருக்கியதாக இருக்கும், முழுசும் எங்களிடம் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

ஹரியிடம் கேட்டேன்.

"ஆமாண்ணே, ஒரு பச்சப்புள்ள அழுக நடுவுல நடுவுல கெடந்துச்சு. ஏண்டி, கீண்டின்னு பேச்சு வேற. ராவும் பகலும் மெனக்கெட்டு எடுத்தேன். கயித்துச் சத்தத்த மட்டும் விட்டு வச்சேன், அது இருந்தாத்தான் கிராமத்துல கேக்குற மாதிரி இருக்கும்" என்றான். சபாஷ் போடுவேன் என்று என் முகத்தைப் பார்த்தான்.

"எடுத்ததையும் மொதல்ல ஏத்துனதையும் எங்க வச்சிருக்க?"

"டிஸ்க்குல எடம் ஏதுண்ணே? அழிச்சாச்சு. குப்பைய யாராச்சும் சேத்து வைப்பாகளா?"

அவனை அறைந்திருப்பேன். எதற்காக இப்படிக் குதிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. கல்லலில் கேட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் செத்துப்போனது. எழுந்து போய் நாடாவைத் தேடி எடுத்துவந்தான்.

ஈரம் குடித்துப் பிசுபிசுத்த நாடாக்கள் அவை. இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால் ஒரு தடவை ஒழுங்காக ஓடும். அடுத்த தடவைக்கு யாரும் பொறுப்பில்லை. மறுபடி சூடு காட்டி மறுபடி ஓட்டினான். நாடா ஓட ஓட, ஒலி பதிந்திருந்த பழுப்புப் பூச்சு உதிர்ந்து மெஷின் மேல் பொடியாகக் கொட்டியது. பாட்டே துண்டு துண்டாகத்தான் வந்தது. பிள்ளை அழுத இடத்தில் வெறும் உரசல்.

"கேக்குதாண்ணே? கேக்குற மாதிரி இருக்குல்ல?" என்று ஹெட்போனை என் காதில் வைத்தான். காற்றடிக்கிற சத்தம் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "நம்மகிட்ட காதுகுத்து வீடியோ நெறயக் கெடக்குண்ணே. ஏதாச்சும் ஒரு பொம்பளப்புள்ள அழுகய எடுத்து அந்த எடத்துல ஒட்டிரட்டுமா? இத்தன வருசம் கழிச்சு அவுகளுக்குத் தெரியவா போகுது?"

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அவருக்கு நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. ஆனால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுவதைத் தன் பிள்ளை என்று நம்பி அந்த மனுஷி உருகுவதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவன் நான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் போகும்போது, ஒட்டியே கொண்டுவந்திருக்கலாமோ என்று பாதி வழியில் மறுபடி தோன்றியது.

பொன்னுத்தாயி வாசல் தெளித்து, வெளுத்த சேலை கட்டி, எனக்காக ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

"கெடச்சுச்சா தம்பி?"

"அழிஞ்சு போச்சு ஆத்தா" என்றேன். அது பாதிப் பொய் என்று எனக்கே நாக்கு உறுத்தியது. "நாங்கதான் அழிச்சுட்டோம். பாட்டு நல்லாக் கேக்கணும்னு, புள்ள சத்தத்த எடுத்துட்டோம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். வாசலில் ஒரு கோழி வந்து மிளகாயைக் கிளறியது. அதை விரட்டக்கூட இல்லை. என் போனைக் காட்டி, "இன்னொருக்கா போடுங்க" என்றார்.

போட்டேன். கயிறு கிறீச்சிட்டது. குரல் வந்தது. முதல் அடி முடிந்தது. சிணுங்கல் இருந்த இடத்தில் கயிற்றுச் சத்தம் மட்டும் போய்ப் போய் வந்தது. அவர் சட்டென்று கையை நீட்டி, ஆடுகிற தொட்டிலைப் பிடித்து நிறுத்துவது போல் போனின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"நிப்பாட்டுங்க தம்பி. உள்ள புள்ள இல்ல."

நிறுத்தினேன். எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் இல்லை, பயம் இருந்தது.

"அன்னைக்குச் சொன்னீகளே, ஊரு ஒலகத்துத் தாய்மாரெல்லாம் போட்டுக் கேக்குறாகன்னு. அந்தப் பச்சப்புள்ளைகளுக்கெல்லாம் இதையா போட்டுத் தூங்க வைக்கிறாக?"