பாதி மினுங்கிய அம்பாசிடர்

புளி மண்டி கவுஸ் பாய் தம் கறுப்பு அம்பாசிடரைத் தினமும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, வெயிலிலேயே காயவிட்டார். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் சும்மா விடுமா? வண்டி முழுக்க வெள்ளைத் திட்டு. மறுநாள் பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து புதுச் சம்பந்தியை அதில்தான் அழைத்து வர வேண்டும்.

பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு மதில் ஓரம் எப்போதும் துணி காயப்போடுகிற வேலை இருக்கும்.

"குண்டான்ல படியற உப்புதானுங்க இது," என்ற அவர் மனைவி அமீருன்னிசா, வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னாள். தண்ணீர் கலந்த எலுமிச்சஞ்சாற்றில் துணியை நனைத்துத் துடைத்து, மழைத்தண்ணீரில் அலசி, உடனே ஈரத்தை ஒற்றினாள். பாதி வண்டி மினுங்கியது.

"மீதி?" என்றார் பாய்.

"வாங்கி நாலு மாசமாச்சு, நான் இன்னும் இதுல ஏறலீங்க. ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க, துடைக்கறேன்."

பாய் வண்டியின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலைல ரெடியா இரு," என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பினார்.