உப்புக்காற்றின் முதல் பாட்டு

வாகீசனுக்கு இடுப்புக்குப் பின்னால் நாரி கழன்று தனியே விழுந்துவிடும்போல் இருந்தது. குனிந்தால் நிமிர ஏலவில்லை, நிமிர்ந்தால் குனிய ஏலவில்லை. கிழக்கு வெளுக்க முதலே சீமெந்துக் கல் அரியத் தொடங்கியவன், வெயில் உச்சிக்கு வந்தும் நிறுத்தவில்லை. மணலையும் சல்லியையும் சீமெந்தையும் குழைத்து அச்சுக்குள் கொட்டி, அடித்து இறுக்கி, தூக்கிக்கொண்டுபோய் நிலத்தில் கவிழ்த்து, திரும்பி வந்து மறுபடியும் கொட்டி, அடித்து. கையும் காலும் தம்பாட்டில் வேலை செய்தன. வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"டேய், நீ கல்லரியிறியோ, கச்சேரி வைக்கிறியோ?" முதலாளி சோமசேகரம் நிழலில் இருந்து கேட்டார்.

"ரெண்டும்தான் முதலாளி."

"நாளையான் கல்லையும் இண்டைக்கு அரிஞ்சு முடிச்சாத்தான் வெள்ளன விடுவன். அதை மறந்திடாதை."

மறப்பானா? அந்தச் சம்மதத்தை வாங்குவதற்கு ஒரு கிழமையாக அவர் பின்னால் ஆட்டுக்குட்டிமாதிரித் திரிந்தவன் அவன்தான்.

சங்கதி இதுதான். பருத்தித்துறையில் 'உப்புக்காற்று' என்று ஒரு இசைக்குழு. சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடுகிற ஆட்கள் இல்லை, சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள். பாடுகிற பிள்ளையின் பெயர் வினிபிரட். டிரம்ஸ் அடிக்கிறவன் அவளுடைய தம்பி ஜொனதன். அந்த வருசத்துத் திருவிழாக் காலம் முழுக்க வாகீசன் அவர்களுக்குப் பின்னால் ஓடினான். அளவெட்டிக்குப் போனான். நாதஸ்வரத்தைத் தவிர வேறொன்றையும் காதில் விடாத அந்த ஊர்ச் சனமே எழும்பி நின்று கைதட்டியதைக் கண்டு, தன் பிள்ளைக்குத் தட்டியதுபோல் அழுதான். கொடிகாமத்துக்குப் போனான். நெல்லியடிக்கு மழையில் நனைந்துகொண்டு போனான். பருத்தித்துறையிலேயே மூன்றுதரம் கேட்டான்.

ஆனால் அவர்களுடைய முதல் பாட்டை மட்டும் அவன் ஒருதரம்கூட நேரில் கேட்டதில்லை.

'எழும்படா காத்தே' என்பது அந்தப் பாட்டு. எந்த மேடையென்றாலும் அதைத்தான் முதலில் பாடுவார்கள். ஒருதரம்தான். யாழ்ப்பாணத்தில் ஆறு மணிக் கச்சேரி என்றால் சனம் ஏழரைக்குத்தான் வீட்டில் முகம் கழுவும். உப்புக்காற்றில் அந்தக் கதை எடுபடாது. கீபோர்ட் வாசிக்கிற கிருபைரட்ணம் மாஸ்டர் மிசன் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்து ஓய்ந்தவர். சொன்ன நேரத்துக்குக் கைமணியை எடுத்துக் கிணுகிணு என்று அடிப்பார். பாட்டுத் தொடங்கிவிடும், முன்னால் கதிரைகள் மட்டும் இருந்தாலும். வாகீசனுக்கோ அரிந்த கல்லுக்கு வெயில் தாழத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் கிளம்பலாம். கல் காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் சோமசேகரம் அதைவிடப் பெரிதாக வெடிப்பார். அதனால் எங்கே போனாலும் அவன் போய்ச் சேருவது இரண்டாம் பாட்டின் நடுவில்தான். நெல்லியடியில் வாசலுக்குப் போய்விட்டான், முதல் பாட்டின் கைதட்டல் மட்டும் காதில் விழுந்தது. கைதட்டலைக் கேட்பதற்கு ஒருவன் நனைந்துகொண்டு போவானா?

இன்றைக்குக் குருநகரில், தேவாலயத் திருநாளில் கடைசிக் கச்சேரி. வினிபிரட்டுக்குக் கனடாவில் மாப்பிள்ளை. விசா வந்துவிட்டது. அவள் போனால் அந்தப் பாட்டும் போகும். இன்று கேட்டால் கேட்டது.

பின்னேரம் அவனுக்குப் பதிலாகக் கல்லுக்குத் தண்ணீர் அடிக்க மனிசி பிரசாந்தி வந்தாள். வந்தவள் குழாயை வாங்காமல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, வீட்டிலை ஒரு வாளி தண்ணி தூக்கித் தாங்கோவெண்டா நாரி நோகுதெண்டுவியள். அவள் வினிபிரட்டெண்டா மட்டும் நாரி நேரா நிக்குதென்ன?"

"அது வேறை நாரியடி."

"போற இடத்திலை ரெண்டு நாரியையும் முறிச்சுக்கொண்டு வாங்கோ. நான் தலைமாட்டிலை இருந்து எண்ணெய் பூசுவன் எண்டு மட்டும் கனவு காணாதையுங்கோ." சொல்லிக்கொண்டே குழாயைப் பறித்தாள். சிரித்துக்கொண்டுதான்.

கிணற்றடியில் நாலு வாளி ஊற்றினான். நகக்கண்ணில் இருந்த சீமெந்து போகவில்லை, போகட்டும். முகத்துக்குப் பவுடர், நெற்றிக்குத் திருநீறு, வெள்ளைச் சேட்டு, மடித்து வைத்த வேட்டி. கூட வேலைசெய்கிற றஜிந்தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றான்.

"ஏறண்ணை. இண்டைக்கு மாஸ்டருக்கு முன்னம் நாங்கள் போய் மணியடிப்பம்."

காங்கேசன்துறை வீதி அன்றைக்கு அவர்களுக்கென்றே போட்ட வீதிபோல் இருந்தது. வாகீசன் பின்னால் இருந்து பாடினான், றஜிந்தன் கைபிடியில் தாளம் போட்டான். எதிரே வந்த பஸ் கோன் அடித்தால் அதுவும் சுருதியில் அடித்ததுபோல் பட்டது. நாரி எங்கே இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியவில்லை. தட்டாதெருச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. "அம்மா தாயே, நீயும் வாவன், பின்னாலை இடமிருக்கு" என்றான். முப்பத்தெட்டு வயது மனிதன்.

குருநகருக்குள் திரும்பியதும் சனம். கடற்காற்றில் மெழுகுதிரி மணம், கச்சான் கடலை வறுக்கிற மணம். தேவாலயத்துக்குப் பக்கத்து வளவில் மேடை. மேடையில் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன, ஆட்கள் இன்னும் ஏறவில்லை. முதன்முறையாக வாகீசன் நேரத்தோடு வந்திருக்கிறான்!

"நீ இறங்கு அண்ணை. நான் உங்கினை எங்கையாவது சைக்கிளை விட்டிட்டு வாறன்."

"நான் உள்ளுக்கை ஒரு கும்பிடு போட்டிட்டு வாறன்."

அது அவனுடைய முறை. எந்த ஊருக்குக் கச்சேரி கேட்கப் போனாலும் முதலில் அந்த ஊர்க் கடவுளுக்கு ஒரு கும்பிடு. அது சைவக் கடவுளோ சேசுவோ, அவனுக்குப் பேதமில்லை. பேதம் பார்க்காததுதான் வினையாகப் போயிற்று. இறங்கினான், செருப்பைக் கழற்றினான், கை தன்பாட்டில் பொத்தான்களைக் கழற்றியது, சேட்டைச் சுருட்டி றஜிந்தனிடம் எறிந்தான். அளவெட்டியிலும் கொடிகாமத்திலும் செய்ததுபோலவே றஜிந்தன் அதை ஏந்திச் சைக்கிள் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு போனான். இரண்டு பேரில் ஒருவனுக்கும் அதில் ஒரு பிழையும் படவில்லை. சைவக்காரனுக்குக் கோயில் வாசல் என்றால் மேலுடம்பில் துணி நில்லாது.

வெறும் மேலோடு, நெற்றியில் திருநீறோடு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாகீசன் தேவாலயத்தின் நடுவழியால் நடந்தான். செபம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் பட்டுச்சேலையும் முக்காடும். முழுக்கைச் சேட்டை மணிக்கட்டுவரை பூட்டிய ஆண்கள். முன்னே எரிந்த மெழுகுதிரிகளைப் பார்த்து, "ஆண்டவரே, அந்தப் பாட்டு" என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு சின்னப்பிள்ளை கீச்சென்று சிரித்தது. பிறகு ஒரு வாங்கில் இருந்த சனம் முழுக்கச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தான். தன் தொப்புள் தெரிந்தது.

அதற்குள் நெஞ்சில் திருநாள் நாடா குத்திய ஒரு இளைஞன் முழங்கையில் பிடித்துவிட்டான். பக்கவாசலால் வெளியே கொண்டுவந்து, வளவு வாசலுக்கும் வெளியே வைத்துப் படலையைச் சாத்தினான்.

"அண்ணை, வெறியெண்டா வீட்டிலை போய்ப் படுங்கோ. திருநாளிலை வெறிக்குட்டியளை உள்ளுக்கை விடக்கூடாதெண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கு."

"தம்பி, நான் குடிக்கிறதில்லை. என்ரை சேட்டு என்ரை பெடியனிட்டை..."

"ஆற்றை சேட்டு ஆரிட்டை? பாத்தியளோ, நிக்கவே ஏலாமல் நெளியிறியள்."

"அது நாரி, தம்பி!"

மேடையில் வெளிச்சம் எரிந்தது. கிருபைரட்ணம் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏறுவது படலைக் கம்பிக்குள்ளால் தெரிந்தது. றஜிந்தனைக் காணோம். வாகீசன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

எதிர் வீட்டு வாசலில் கதிரை போட்டு இருந்து, கச்சான் உடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி ஒருத்தி இருந்தாள். குருநகர்ச் சந்தையில் மீன் விற்கிற மார்கிரட். தடித்த உடம்பு, அதைவிடத் தடித்த குரல்.

"இஞ்சை வா தம்பி. வாயை ஊது."

"என்னக்கா?"

"ஊதெண்டா ஊது."

ஊதினான். மார்கிரட் மீன் பார்க்கிறவள்போல் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"சாராயம் இல்லை. வெங்காயச் சம்பலும் சீமெந்தும் மணக்குது. எவ்விடம்?"

"மருதனார்மடம் அக்கா."

"அப்ப கோயிலெண்ட உடனை கழட்டிப்போட்டியென்ன?" அவள் சிரிக்கத் தொடங்கினாள். கதிரை ஆடியது, மடியில் இருந்த கச்சான் கோதெல்லாம் சிந்தியது. "டேய் அருள்நேசன்! உவன் வெறியில்லையடா! தங்கடை முறையிலை சேசுவைக் கும்பிடப் போயிருக்கிறான். விடு உள்ளுக்கை!"

நாடா குத்திய அருள்நேசன் தலையைச் சொறிந்தான். "எணை மாமி, சேட்டில்லாமல் விட்டா பாதர் என்னைப் பேசுவார்."

"சேட்டுத்தானே உங்களுக்குச் சீவன்? நில்லு."

உள்ளே போனவள் ஒரு சேட்டோடு வந்தாள். வெளிர் நீலம், சின்னக் கட்டம், முழுக்கை, புதிது, அயன் மடிப்புக் குலையவில்லை.

"என்ரை மூத்தவன் பிரான்சாலை வாறான், வந்த உடனை போட எண்டு எடுத்து வச்சது. மனுசன்ரை சேட்டெல்லாம் மீன் மணம், அதோடை திருநாளுக்குப் போகப்படாது. போடு. பத்திரமாக் கொண்டந்து தரவேணும், கேட்டியோ?"

மூத்தவன் ஒல்லியான பிள்ளையாக இருக்கவேண்டும். வாகீசனுடையதோ நாளெல்லாம் கல் தூக்கிய தோள். கை புகுந்தது, நெஞ்சு மூடவில்லை. மார்கிரட் இரண்டு கையாலும் இழுத்தாள்.

"மூச்சை உள்ளுக்கை இழு. இன்னும் இழு." பொத்தான் பூட்டியது. "இனி வெளியிலை விடாதை."

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் றஜிந்தன் ஓடி வந்தான். அவனும் சேட்டைக் கழற்றிச் சைக்கிளில் வைத்துவிட்டு, வெறும் மேலோடு.

"மாதாவே," என்றாள் மார்கிரட், "இன்னும் எத்தினை பேரடா வாறியள்?"

கிணுகிணு என்று மணி கேட்டது.

வாகீசன் ஓடினான். அருள்நேசன் படலையைத் திறந்தானோ, தானே தள்ளினானோ தெரியாது. கதிரைகளுக்கு நடுவே, கால்களை மிதித்து, "மன்னியுங்கோ, மன்னியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு, மேடைக்கு முன்னால் மண்ணில் போய் நின்றான். வினிபிரட் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள். மெலிந்த பிள்ளை, காலில் செருப்பில்லை. அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டை அவன் தேயத் தேயக் கேட்டிருக்கிறான், அந்த மூச்சு அதில் இல்லை. மூச்சோடேயே அவனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

'எழும்படா காத்தே, எங்கடை தோணிப் பாய் காயுது...'

இரண்டாம் அடியில் அவளுக்குக் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் அவளே சிரித்தாள், சிரித்தபடி மேலே போனாள். பிறகு ஜொனதன் விழுந்தான் பாருங்கள், அந்தப் பெரிய டிரம்மில்! அடி நெஞ்சில் படவில்லை, நேரே நாரியில் பட்டது. கல் அடித்து இறுக்குகிற அதே அடி. வாகீசன் கத்தினான். துள்ளினான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவரைக் கட்டிப்பிடித்தான், அவரும் ஏன் என்று கேட்காமல் துள்ளினார். கடைசிச் சுற்றில் எல்லாரும் கையைத் தூக்கினார்கள், அவனும் இரண்டு கையையும் வானத்துக்கு எறிந்தான்.

டர்ர்ர்.

அவனுக்குக் கேட்கவில்லை. பின்வரிசைக்கெல்லாம் கேட்டது. பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் வினிபிரட் ஒலிவாங்கியில் சொன்னாள்: "முன்னுக்கு நிக்கிற அண்ணை, உங்கடை சேட்டு முதுகாலை ரெண்டாப் போச்சு."

வளவு முழுக்க ஓவென்று சிரித்தது.

"பறவாயில்லைத் தங்கச்சி!" வாகீசன் கத்தினான். "அதையே இன்னொருக்காப் பாடுங்கோ!"

கிருபைரட்ணம் மாஸ்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஏலாது என்று தலையை ஆட்டினார். அடுத்த பாட்டுத் தொடங்கியது. வழக்கமாக அவன் வந்து சேருகிற பாட்டு. கழுத்துப்பட்டியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த சேட்டோடு அதற்கும் துள்ளினான்.

கச்சேரி முடிய, எதிர் வீட்டு வாசலில் மார்கிரட் சேட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் நடுவே அவளுடைய முகம் தெரிந்தது. றஜிந்தன் இப்போது தன் சேட்டைப் போட்டுக்கொண்டு, வாகீசனுடையதையும் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமே தெரியாததுபோல் கடலைப் பார்த்தான்.

"மூச்சை விடாதையெண்டு சொன்னனான்," என்றாள்.

"பாட்டு அப்பிடி, அக்கா. தைச்சுத் தரட்டே?"

"தைச்சதைப் போட்டுக்கொண்டு என்ரை பிள்ளை ஊருக்குள்ளை திரியிறதே?"

"அப்ப என்ன செய்ய? காசாத் தரட்டே?"

"காசை எடுத்து அவனுக்குப் போட்டு அழகு பாக்கிறதே? உதே மாதிரிச் சேட்டு. உதே நீலம். விளங்கிச்சோ?" கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "கேட்டியோ அதை?" என்றாள்.

"கேட்டனக்கா. முழுக்க."

"ம். அந்தப் பெட்டை ரெண்டாம் அடியிலை பிழைச்சதென்ன?"

"ஓமக்கா," என்றான் வாகீசன், முகமெல்லாம் பல்லாக. "அதுதான் திறம்."

வினிபிரட் கனடாவுக்குப் போய்விட்டாள். மார்கிரட்டின் மூத்தவன் பிரான்சிலிருந்து வந்து, வேறு சேட்டைப் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டுத் திரும்பியும் போய்விட்டான். வாகீசன் யாழ்ப்பாணம் பெரிய கடை முழுக்க ஏறி இறங்கிவிட்டான். நீலம் இருந்தால் கட்டமில்லை, கட்டமிருந்தால் அந்த நீலமில்லை. இரண்டும் இருந்த ஒரு கடையில் அரைக்கைதான் இருந்தது. குருநகர்ப் பக்கம் போனாலும் சந்தையில் மார்கிரட்டுக்குக் கிட்டப் போகாமல் அவன் இப்போது மற்றப் பக்கத்தால் சுற்றிப்போகிறான்.

குருநகர் மார்கிரட் அக்காவுக்கு அவன் ஒரு சேட்டுக் கொடுக்கவேண்டும். வெளிர் நீலம், சின்னக் கட்டம், முழுக்கை, கழுத்துப் பதினைந்து. இன்னும் கொடுக்கவில்லை.