ஒன்பது தசம் இரண்டு

ஏழு வருசமாக ஒரு நாள்கூடத் தவறவிடாத ஆள் நான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவளும் நான்தான். நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருசம் பிரதேச அலுவலகத்தார் மாம்புரியில் எங்கள் வீட்டு வளவில் மழைமானியை நட்டுத் தந்தார்கள். சம்பளமில்லாத வேலை. காலை எட்டரைக்கு அதிலிருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, கொப்பியில் எழுதி, கைபேசியில் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மானிக்குக் கிட்ட ஆடு வந்தால் ஆட்டுக்காரருக்கு ஏச்சு விழும். முப்பது வருசம் படிப்பித்த வாய், ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை.

போன வருசம் நான்கு மாதம் பூச்சியம் பூச்சியம் என்றே எழுதினேன். ஓகஸ்ற்றில் தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போனவள், ஓர் இரவு கோயில் வளவிலேயே தங்கிவிட்டேன். மறுநாள் வீடு வந்து சேரக் காலை பதினொரு மணி. மானியில் தண்ணீர்! அளந்தால் 9.2 மில்லிமீற்றர். அன்னம்மாவே என்று கும்பிட்டேன். பிறகுதான் பார்த்தேன், மானியைச் சுற்றி மட்டும் மணல் நனைந்திருக்கிறது. முற்றத்தின் மற்றப் பக்கம் வெறும் புழுதி. பக்கத்தில், என் மனிசன் பத்திநாதர் பயற்றங்கொடிக்குத் தண்ணீர் தெளிக்கப் பூட்டிய புது ஸ்பிறிங்க்ளர் நிற்கிறது.

"ராத்திரி மழை பெய்ததோ?" என்று அவரைக் கேட்டேன்.

"எனக்கென்னெண்டு தெரியும்? தண்ணியத் திறந்துவிட்டிட்டுப் போய்ப் படுத்திட்டன்."

அன்றைக்கு நான் வீட்டில் இல்லை, இந்த அளவை நம்ப ஏலாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினால் ஏழு வருசப் பெருமை போச்சு. 9.2 என்று எழுதி, நேரத்தையும் எட்டரை என்று போட்டு அனுப்பிவிட்டேன். மனம் உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் தோட்டத்துக்குச் சரி, வாயில் வைத்தால் உப்பு. குடிக்கிறதற்கு அரசாங்கத் தண்ணீர் லொறி, பவுசர்தான் வரவேண்டும். மழையில்லாத ஊர்களுக்கு மட்டும்தான் அந்தப் பவுசர் வாரம் ஒருமுறை வரும். அடுத்த கிழமை அது வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஊர்ச்சனம் அதே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டது. கைக்குழந்தையோடு கூடப்போன முன்வீட்டு மபாஸா, திரும்பி வந்து என் வேலிப் படலையில் நின்றாள். என்னிடம் படித்தவள்.

"டீச்சர், உங்கட ஊருல ஒம்பது மில்லிமீற்றர் மழ பேஞ்சிருக்கு, பவுசர் இல்லண்டு சொல்றாங்க. எல்லாரும் பொய்யெண்டு கத்துனாங்க. நான்தான் வாய மூடுங்கண்டு ஏசுன. மார்த்தா டீச்சர் பிழையா எழுத மாட்டா, நாம தூங்கக்குள்ள பேஞ்சிருக்கும் எண்டு சொன்ன."

"ஓம்... பெய்திருக்கும்," என்றேன். இந்த நாக்கு அழுகிப் போகட்டும்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றி, ஒரு கான் தண்ணீரை உள்ளே தூக்கி வைத்தாள். தில்லையடியிலிருந்து அவளுடைய அண்ணன் வேனில் கொண்டுவந்த இரண்டு கானில் ஒன்று.

"ஐயோ, பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேணுமே! கொண்டு போ."

"மத்தது இருக்கு டீச்சர். நீங்க எங்களுக்காகத்தானே தினமும் மெனக்கெடுறீங்க. குடிங்க."

அவள் படலை வரைக்கும் போய்விட்டாள். நான் பின்னால் போய்க் கூப்பிட்டேன்.

"மபாஸா, நில்லு பிள்ளை. அண்டைக்கு நான் வீட்டில இல்லை. அது மழையில்லை, எங்கட ஸ்பிறிங்க்ளர் தண்ணி. தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் எல்லாருக்கும் ஏசினனே டீச்சர்," என்றாள். கானைத் திருப்பி எடுக்கவில்லை.

அவள் நிற்கும்போதே அலுவலகத்துக்கு உண்மையை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் எட்டரைக்கு வந்தாள். கானை எடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். நேரே மழைமானிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஒண்டுமில்ல," என்றாள். "எழுதுங்க டீச்சர், நான் பாத்துக்கிட்டு நிக்கிறன்."

அடுத்த கிழமை பவுசர் வந்துவிட்டது. மபாஸா இன்றைக்கும் எட்டரைக்கு வந்தாள். வெறும் குவளையை அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுத்தான் நான் பூச்சியம் என்று எழுதினேன்.