படையெறும்பு வந்துபோன வீடு

பிரெஞ்சு பேசும் லோமே நகரில் நாங்கள் இருந்த வீட்டில் மனிதர்களைவிடப் பூச்சிகளுக்குத்தான் உரிமை அதிகம். ஆபிரிக்கச் சூட்டில் அவை தூங்குவதே இல்லை. கட்டில் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய மீன் ரின்களுக்குள் நிறுத்தியிருந்தோம். சீனிப் போத்தல் தண்ணீர்த் தட்டத்தில் நின்றது. கரப்பான் தீப்பெட்டிப் பசையையும் விடாது, நித்திரையில் கால்நகத்தையும் அரிக்கும். சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று. அடிக்கப் போனபோது வீட்டுக்காரி அஃபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கரப்பான் தின்னுமாம். மாதக்கணக்காக அசையாமல் இருந்ததால் அதற்கு ‘ஏஜென்ற்’ என்று பேர் வைத்தோம், நானும் யாக்கோபுவும்.

யாக்கோபு என் ஊர்க்காரன், மன்னார். இத்தாலிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ற் எங்கள் இருவரையும் அந்த அறையில் விட்டு எட்டு மாதமாகியிருந்தது. கடைசியில் என் பாஸ்போட்டில் மட்டும் விசா விழுந்தது. பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அந்தக் கிழமை படையெறும்பு வந்தது. அஃபி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து எங்கள் கதவைத் தட்டினாள். அங்கே அதுதான் வழக்கம். படையெறும்பு வந்தால் வீட்டை அதனிடம் விட்டுவிட்டு வெளியேறிவிட வேண்டும். கரப்பான், தேள், எலிக்குஞ்சு எல்லாம் தின்று முடித்துத் தானாகவே போய்விடும். கறுப்புக் கயிறு போல வாசலால் ஏறியது. மாமரத்தின் கீழ் நின்று பார்த்தோம். யாக்கோபு மட்டும் “பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன்” என்று உள்ளே ஓடினான். கொஞ்ச நேரத்தில் கால்களைத் தட்டித் தட்டி வெறுங்கையோடு வந்தான்.

“ஏலாது மச்சான், தசையைப் பிடுங்குது.”

பின்னேரம் உள்ளே போனால் வீடு கழுவிவிட்டது போல இருந்தது. கரப்பான் சிறகுகள்தான் மிச்சம். என் பெட்டிக்குள் பொலித்தீன் பை கந்தலாகக் கிடந்தது, அதற்குள் பாஸ்போட் இல்லை, நாலு கடதாசித் துண்டுதான்.

“எறும்பு திண்டிட்டுது” என்றான் யாக்கோபு. “நீ வடிவாய்க் கட்டி வைச்சிருக்கலாமே.”

அஃபி தலையை ஆட்டி மறுத்தாள். பழைய பேப்பர் ஒன்றை எடுத்து, முற்றத்தில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையின் குறுக்கே போட்டாள். எறும்புகள் அதன்மேல் ஏறி நடந்தன. ஒரு மூலையைக்கூடக் கடிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“தன்ரை வீட்டைக் குறை சொல்ல விடுவாளே?” என்றான் யாக்கோபு. “இவளையே நம்பப்போறாய்?”

அவனைத்தான் நம்பினேன். எங்கள் ஆள் அல்லவா. பத்து நாளில் ஏஜென்ற் வழி செய்து தந்ததாகச் சொல்லி அவன் விமானம் ஏறினான். நான் இன்னும் பதினாலு மாதம் அந்த வீட்டில் கிடந்தேன். அஃபியோடு முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை.

ஒருவழியாக இத்தாலியின் பலெர்மோ வந்து சேர்ந்தபோது, பல்லரோச் சந்தைப் பக்கம் தன் வீட்டில் இடம் தந்தவனும் யாக்கோபுதான். மாடிப்படி கழுவும் வேலையும் பிடித்துத் தந்தான். அவன் மனைவி செலஸ்ரீனா கைப்பிள்ளையோடு நின்று போட்ட சோற்றை நன்றியோடு தின்றேன். தொண்ணூற்றாறில் காகிதம் இல்லாதவர்களுக்கு வதிவிட அனுமதி கொடுக்கப் பதிவு திறந்தார்கள்.

“போகாதை, பிடிச்சு அனுப்பிப் போடுவாங்கள்” என்றான். “போறதெண்டா வேறை பேரிலை பதி.”

நான் படி கழுவும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, வேலைக்குச் சாட்சியாகக் கடிதம் தந்தா. என் பேரிலேயே பதியப் போனேன்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அதிகாரி என் பெயரைத் தேடிவிட்டு, இந்தப் பெயருக்கு ஏற்கெனவே பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, கொடுத்தாயிற்று என்றார். கோப்பைத் திருப்பிக் காட்டினார். சூசைதாசன் என்ற என் பெயர், என் பிறந்த தேதி, யாக்கோபுவின் முகம். திங்கட்கிழமை ஞானஸ்நானப் பத்திரத்தோடு வரச் சொன்னார். இந்த ஆளைத் தெரியுமென்றால் அதையும் சொல்ல வேண்டுமாம்.

அன்றிரவு வீட்டில் கேட்டபோது யாக்கோபு மறுக்கவில்லை.

“ஓம், எடுத்தனான். உனக்கு ஒரு சொல்லுப் பிரெஞ்சும் தெரியாது. எயார்போட்டிலை பிடிபட்டிருப்பாய். விசா வீணாய்ப் போயிருக்கும்.”

“பிடிபட்டிருந்தா என்ரை பேரிலை பிடிபட்டிருப்பன்.”

“மெதுவாய்க் கதை, பிள்ளை படுத்திருக்கு.”

“ஆற்றை பிள்ளை? காகிதத்திலை என்ரை பிள்ளையெல்லோ!”

செலஸ்ரீனா குசினி வாசலில் நின்றாள். “அண்ணை, உங்களுக்கு இஞ்சை குடும்பம், பொறுப்பு ஒண்டும் இல்லைத்தானே. வேறை பேர் எண்டாலும் பேர்தானே. எங்களை விட்டுக்குடுக்க மாட்டியள் எண்டு இவர் சொன்னவர்.”

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாஸ்போட்டை எடுத்த அன்றே அவன் என்னை அளந்து வைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை பத்திரத்தை நீட்டினேன். படத்தில் இருப்பவனைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். பெயர் சொன்னேன். தெருவும் கதவிலக்கமும் கேட்டார். பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. அதையும் சொன்னேன்.

கூப்பிடும்வரை இருக்கச் சொன்னார். வாங்குகளில் நெருங்கியடித்துக்கொண்டு நாற்பது பேர். மத்தியானம் ஆகும்போது “சூசைதாசன்” என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

எழும்பினேன். வேறு யாரும் எழும்பவில்லை.