பொத்தான் அளவு ஓட்டை

வரைபடக்காரர் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் அதிகாரி வந்து நின்றுவிட்டார். இந்த வருடமும் நகரத்தின் புகை அளவு தாண்டிவிட்டது. அந்த அலுவலகம் புகையைக் குறைக்கும் விதமே தனி. மொத்தப் புகையை நகரத்தின் பரப்பால் வகுப்பார்கள். விடை பெரிதாக வந்தால் எல்லைக்கோட்டைத் தள்ளிப் போடுவார்கள். நாலு வயலும் ஒரு ஏரியும் உள்ளே வந்ததும், தண்ணீர் கலந்த பால் மாதிரி, புகை நீர்த்துவிடும்.

பதினோரு வருடத்தில் ஒன்பது முறை கோடு நகர்ந்திருக்கிறது. ராத்திரி ஊருக்கு வெளியே படுத்த நாய் காலையில் ஊருக்குள் எழுந்ததுண்டு. நம்பாதவர்கள் நாயைக் கேட்டுக்கொள்ளலாம். கோட்டுக்குப் பின்னாலேயே தார் போகும், தாருக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் வண்டி. இரண்டே வருடத்தில் பழைய புகைக்கு அண்ணன் மாதிரி ஒரு புகை வந்து நிற்கும்.

வரைபடக்காரரின் மனைவிக்கு இளைப்பு. அவளுக்காக மூன்று முறை கோட்டுக்கு அப்பால் வீடு மாற்றினார். அங்கிருந்து அலுவலகத்துக்குப் போகவர எண்பது கிலோமீட்டர், ஸ்கூட்டரில்.

"எனக்கு மூச்சுவிட இடம் பாக்குறீங்க. அப்புறம் ஊரையே பின்னால உக்காத்தி வெச்சு கூட்டிட்டு வந்துடுறீங்க" என்பாள், இன்ஹேலரை உறிஞ்சும் இடைவெளியில்.

"ஏரி வரைக்கும் இழுங்க" என்றார் அதிகாரி.

"சார், ஏரிக்கரையிலதான் என் வீடு."

"நல்லதாப் போச்சு. வாசல் வரைக்கும் ரோடு வந்துரும்."

"ரோடு வந்தா அவ போயிருவா சார்."

அதிகாரி வாட்சைப் பார்த்தார். "எனக்குப் பரப்பு வேணும். சாயங்காலத்துக்குள்ள."

வரைபடக்காரர் இழுத்தார். வீடு இருந்த இடத்தை மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்கு, வட்டமாக விட்டுவிட்டார். அந்த வட்டம் நகரம் இல்லை. விடை சரியாக வந்ததால் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று.

சர்க்கார் கோட்டுக்கு இருக்கும் மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. ஏரியை மூடிய லாரிகள் வட்டத்துக்குள் ஒரு ஜல்லிக்கல்லைச் சிந்தவில்லை. சுற்றிலும் ரோடு போட்டார்கள். காலை முதல் வண்டிகள் அந்த வீட்டை வலம் வந்தன.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு இன்ஹேலருக்கும் இளைப்பு அடங்கவில்லை. அவள் உதடு நீலமாயிற்று. பறந்து வந்த ஆம்புலன்ஸ் வட்டத்தின் விளிம்பில் சடாரென்று நின்றது. டிரைவர் ஸ்ட்ரெச்சரைக் கோடு வரைக்கும் தள்ளி வந்து, கையிலிருந்த போனில் எல்லைப் படத்தைக் காட்டினார்.

"இதுக்கு மேல எங்க எல்லை இல்ல சார். உள்ள வந்தா என் வேலை போயிரும். எவன் சார் இப்படி நடுவுல ஓட்டை போட்டு வெச்சான்?"

வரைபடக்காரர் மனைவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஐம்பது அடிதான். அவள் அவர் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"பாத்து... கோட்டை மிதிச்சிடாதீங்க."

எஞ்சினை அணைக்காமல் நின்ற ஆம்புலன்ஸின் பின்னாலிருந்து கிளம்பிய புகை, எந்த எல்லை என்று யாரையும் கேட்காமல், அவர்களை எதிர்கொள்ள மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.