லாபம், ரெண்டு, மூணு

"மூளை வளர்ச்சி பத்தாது போலருக்கே விஜயா. எதுக்கும் பாளையங்கோட்டையில ஒரு டாக்டர்ட்ட காட்டிரு."

இந்த வாக்கியம் விஜயஸ்ரீக்கு மனப்பாடம். நாத்தனார் பார்வதியம்மாள் மே மாதம் சொன்னது. கல்லிடைக்குறிச்சியில் பாதிப் பேர் காதில் விழும்படி, சிரித்துக்கொண்டே சொன்னது. சொன்னவளுக்கே அதை ஒரு நாள் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று விஜயஸ்ரீ கங்கணம் கட்டிக்கொண்டு ஐந்து மாதமாகிறது.

பார்வதியம்மாள் அவள் கணவன் மகேஸ்வரனுக்குப் பெரியப்பா மகள். தொண்ணூற்றி ஒன்றில் ஊருக்குள் இங்கிலீஷ் நர்சரிப் பள்ளி ஆரம்பித்து, நாலே வருஷத்தில் எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அளவுக்கு உயர்ந்துவிட்டவள். சொந்த அத்தை பள்ளிக்கூடம்தானே என்று நான்கு வயது சிவகணேஷை எல்.கே.ஜி. இண்டர்வியூவுக்குக் கூட்டிப் போனாள் விஜயஸ்ரீ. வராந்தா நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டி, "எண்ணு பாப்போம்" என்றாள் பார்வதியம்மாள்.

பையன் ஒவ்வொரு மணியாகத் தொட்டு ஓரமாகத் தள்ளினான். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." கடைசி மணியைத் தள்ளிவிட்டு, "ஒம்பது இருக்கு" என்று நிமிர்ந்தான். ஒன்பதுதான் இருந்தது.

அவன் எண்ணப் படித்தது நெல் களத்தில். அறுவடை நாளில் கூலிக்கு அளக்கிற இசக்கியப்பன் மரக்காலால் நெல் அளந்து சாக்கில் கொட்டும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டான். 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பான். மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்பது அளக்கிறவர்கள் வழக்கம். அப்பா மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு முதல் எண் அதுதான். இது பார்வதியம்மாளுக்குத் தெரியாததா? அதே களத்தில், அதே நெல்லில் புரண்டு வளர்ந்தவள்தானே அவளும். அதுதான் விஜயஸ்ரீக்கு ஆறவில்லை.

"லாபமா? ஏலே, இது பள்ளிக்கூடமா நெல்லுக்கடையா?" என்றாள் பார்வதியம்மாள். வராந்தா சிரித்தது. அதற்குப் பிறகுதான் அந்த டாக்டர் வாக்கியம் வந்தது.

அன்றோடு பையன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். பேச்சு நிற்கவில்லை. பஸ், நாய், வாய்க்கால் என்று எதைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுவான். எண் என்று வந்துவிட்டால் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வான். எத்தனை தோசை வேண்டும் என்று கேட்டால் தட்டையே பார்ப்பான்.

விஜயஸ்ரீ கணக்கில் பி.எஸ்ஸி. படித்தவள். அந்தப் படிப்புக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை வந்தது. எண்ணச் சொல்லி ஒரு நாளும் அவனை வற்புறுத்தவில்லை. உழக்கு, உரி என்ற அளவுப் பாத்திரங்களைக் கொடுத்து அரிசிப் பானை முன்னால் உட்கார வைத்தாள். இரண்டு உழக்கு கொட்டினால் ஒரு உரி தலைதட்டி நிற்பதை அவனே கண்டுபிடித்துச் சிரித்தான். ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்து வா என்றால், "இது அப்பாக்கு, இது அம்மைக்கு" என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். ஆடியில் உதடு மட்டும் அசைந்தது. ஆவணிக் கடைசியில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று ஆறு வரை சொன்னான். அவன் பார்க்காமல் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஐந்து மாதத்தில் இன்னொரு காரியமும் பைய நடந்தது. பார்வதியம்மாளின் கடைக்குட்டி ப்ரியாவை விஜயஸ்ரீ கூர்ந்து கவனித்துவந்தாள். ஐந்து வயது. ஒன் முதல் ஹண்ட்ரட் வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும். எந்த விசேஷம் என்றாலும் பார்வதியம்மாள் அவளை நடுவில் நிறுத்தி ஒப்பிக்க வைப்பாள். ஒரு நாள் கோயிலில், "மூணு பூ குடுட்டி" என்று விஜயஸ்ரீ கை நீட்டினாள். பிள்ளை ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தது. பாட்டு மாதிரி அது எண்களைப் படித்திருக்கிறது, எதை எண்ணுகிறோம் என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. குழந்தைமேல் ஒரு குற்றமும் இல்லை என்று விஜயஸ்ரீக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைப் பத்திரமாக மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

நவராத்திரி வந்தது. பார்வதியம்மாள் வீட்டுக் கொலுவுக்கு விஜயஸ்ரீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். வந்திருந்த பெண்களில் அன்று வராந்தாவில் சிரித்தவர்களும் உண்டு. ப்ரியா ஹண்ட்ரட் வரை ஒப்பித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். விஜயஸ்ரீயும் தட்டினாள்.

"ப்ரியாக்குட்டி, இங்கன ஏழு பேரு இருக்கோம். சுண்டலுக்கு ஏழு தொன்னை மட்டும் எடுத்துட்டு வா பாப்போம்" என்றாள்.

ப்ரியா இலைத் தொன்னை அடுக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒன், டூ, த்ரீ" என்று வாய் ஒரு வேகத்தில் போனது, கை வேறொரு வேகத்தில் எடுத்தது. டுவென்டி வரும்போது அடுக்கு முழுவதும் அவள் மடியில் இருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"செவென் எடுட்டி" என்றாள் பார்வதியம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ப்ரியா அம்மாவைப் பார்த்து விழித்தாள். மறுபடியும் ஒன் என்று ஆரம்பித்தாள்.

அப்போது சிவகணேஷ் எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை. ப்ரியா மடியிலிருந்து தொன்னைகளை எடுத்து, ஒவ்வொரு பெண் முன்னாலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போனான். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். ப்ரியா அவன் பின்னாலேயே நடந்து, அவளும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பார்வதியம்மாளும் பார்த்தாள். அந்த இடத்திலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஐந்து மாதமாக ராத்திரியும் பகலும் நாக்கில் வைத்துத் தீட்டிய வாக்கியத்தை விஜயஸ்ரீ எப்படி விழுங்குவாள்?

"மைனி" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள், தேன் ஒழுக. "ப்ரியாவுக்கு மூளை வளர்ச்சி பத்தாது போலருக்கே. எதுக்கும் பாளையங்கோட்டையில ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்க."

பார்வதியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. விஜயஸ்ரீ எத்தனையோ நாள் கற்பனை செய்து பார்த்த அதே முகம். அதைக் கண்ணாரப் பார்த்தாள். இனித்தது.

பிறகுதான் 'அஞ்சு' வரவில்லை என்று கவனித்தாள்.

பையன் ஐந்தாவது தொன்னையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் அந்த வாக்கியத்தை முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறான். இப்போது அம்மா குரலில் கேட்கிறான். பக்கத்தில் ப்ரியா கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துவிட்டு அவனும் மடித்துக்கொண்டான்.

"அஞ்சு... சொல்லு ராசா" என்றாள் விஜயஸ்ரீ. "லே கணேசு, அம்மைக்கு ஒண்ணு வையி."

அவன் தொன்னையைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலம் வந்தது. பையன் அவள் கையை இழுத்து நிறுத்தினான்.

"எம்மா, டாக்டர்ட்ட நானும் ப்ரியாவும் சேந்தா போவணும்?"